காற்றுக்குப் பத்து

கொக்கர் வாளியைக் கொண்டுவந்து அத்தானின் மேசைமேல் வைத்தபோது காலை மணி ஒன்பதே கால். வாளி நிறைய முட்டைகள். மணல் நிறம், பழுப்புப் புள்ளிகள், எல்லாம் ஊறிப்போனவை. வாளியின் அடியில் ஓட்டை இருந்திருக்க வேண்டும். கசிந்த தண்ணீர் அன்றைய மின் உற்பத்தி அட்டவணையை நனைத்தது.

"எண்ணிக்கோ. நூத்திப் பதினேழு. மிச்சம் ஆத்தோட போச்சு."

"எடுய்யா மொதல்ல. இது கண்ட்ரோல் ரூம், கோழிப்பண்ணை இல்ல" என்றார் அத்தான்.

"கோழின்னா நீ தின்னாவது இருப்பே. இது ஆலா முட்டை. மணல்ல குழி பறிச்சு, வெயில்ல உக்காந்து, இருபது நாள் அடைகாத்தது. நேத்து மத்தியானம் தண்ணிய ஏத்தி மூழ்கடிச்சுட்டே."

"தண்ணி ஏறவே இல்ல. வேணும்னா இவகிட்ட கேளு."

அத்தான் என்னைக் கை காட்டினார். நான் நீர்மட்டப் புத்தகத்தோடு கதவருகே நின்றிருந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர்; இந்தக் கதவணையின் மின்நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியர். அவர்கள் வீட்டில் தங்கியிருந்த நான் அங்கே தற்காலிக ஊழியர். மணிக்கு ஒருமுறை கதவணைப் பாலத்தில் நடந்து, மூன்றாவது தூணில் வரைந்திருக்கும் அளவுப் பலகையைக் குனிந்து படித்து, போனில் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. அங்கே எல்லோரும் என்னை அளவுகோல் என்று கூப்பிடுவார்கள். கொக்கர், அணைக்கு மேலே தேங்கிய நீரில் இருக்கும் பறவைகள் சரணாலயத்தின் காவலர். அந்தப் பெயர் மின்நிலையத்துக்காரர்கள் வைத்தது. பதிலுக்கு அவர் அத்தானுக்கு சுவிட்ச் என்று பெயர் வைத்திருந்தார். பன்னிரண்டு வருடப் பகை. யார் தொடங்கியது என்று கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

சண்டை முழுவதும் ஓர் எண்ணைப் பற்றியது. ஆலாக்கள் மணல் திட்டுகளில் முட்டையிடும் இரண்டு மாதமும் நீர்மட்டம் நாலரை மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மதகுகளைத் திறக்க வேண்டும். திறந்தால் டர்பைனுக்குப் போக வேண்டிய தண்ணீர் சும்மா ஓடிவிடும். எங்களுடையது உயரம் குறைந்த அணை. ஒரு சாண் தண்ணீர் கூடினாலும் மின்சாரம் கூடும். அதனால் அத்தான் நாலரைக்குக் கீழே ஒட்டினாற்போல வைத்திருப்பார்.

"நேத்து ரெண்டு மணிக்கு என்ன?" என்று கேட்டார் அத்தான்.

"நாலு மீட்டர் நாற்பத்தஞ்சு" என்றேன்.

"கேட்டியா?"

"பொய். நேத்து காத்து திட்டைப் பாத்து அடிச்சுது. தண்ணி என் கண் முன்னாடி ஏறி வந்துச்சு" என்றார் கொக்கர்.

'திட்டைப் பாத்து' என்று கேட்டதும் நான் புத்தகத்தில் முந்தைய நாள் பக்கத்தைத் திருப்பினேன்.

எங்கள் ஷிப்டில் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பருவத்தில் காற்று எப்போதும் திட்டுகளின் பக்கமிருந்து அணையை நோக்கி வீசும். அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டுவந்து அணைச் சுவரில் குவிக்கும். பலகையில் தெரிவது உண்மையான மட்டத்தைவிட அதிகம். அதனால் காற்று பலமாக இருக்கும் நாட்களில் படித்த அளவில் பத்து சென்டிமீட்டரைக் கழித்துவிட்டுத்தான் சொல்வோம். 'காற்றுக்குப் பத்து' என்பார்கள். நான் சேர்ந்த முதல் வாரம் அத்தான் சொல்லிக்கொடுத்தது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை என்பதை நான் பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தேடியிருக்கிறேன், யாரிடமும் கேட்கவில்லை.

முந்தைய நாள் பலகை நாலு ஐம்பத்தைந்து காட்டியது. காற்று பலமாக இருந்தது. கை தானாகப் பத்தைக் கழித்தது. மதகு திறக்கவில்லை.

ஆனால் வழக்கமாகக் குனியும்போது காற்று முகத்தில் அறையும். கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் படிப்பேன். அன்று அறையவில்லை. பின்னாலிருந்து வந்து முடியை முன்னால் தள்ளியது. படிக்க எவ்வளவு வசதியாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அப்படியானால் காற்று தண்ணீரை அணையிலிருந்து திட்டுகளின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பலகை காட்டியதே குறைவு. நான் கூட்டியிருக்க வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறேன்.

இப்படித்தானா, அல்லது கொக்கர் சொன்னதற்குப் பிறகு என் நினைவு அதற்குத் தகுந்தமாதிரி வளைந்துகொண்டதா? எனக்குத் தெரியவில்லை. வாளி வந்த அன்று, வேலை முடிந்து நான் போய்ப் படிக்கும் மாலை வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் என்ன எழுதினார் என்று ஒரு வரிகூட நினைவில்லை. நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அணையையும் திட்டையும் வரைந்து அம்புக்குறி போட்டு அழித்துக்கொண்டிருந்தேன்.

முட்டை விவகாரத்துக்கு விசாரணை வைத்திருந்தார்கள். அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது அத்தான் அதற்கு எழுதிய விளக்கக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். நீர்மட்டம் நாலரையைத் தொடவே இல்லை. நாய்கள் திட்டில் புகுந்து பறவைகளைக் கலைத்திருக்கின்றன. காவலர் தன் கவனக்குறைவை மறைக்க, கைவிடப்பட்ட முட்டைகளைத் தானே நனைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டும்.

"அத்தான், நேத்து காத்து திரும்பிருச்சு. நான் பத்தைக் கழிச்சிருக்கக் கூடாது."

"புத்தகத்துல என்ன எழுதினே?"

"நாலு நாற்பத்தஞ்சு."

"அப்ப நாலு நாற்பத்தஞ்சுதான்."

"அவருக்கு வேலை போயிடும்."

"பன்னெண்டு வருஷமா நான் கும்பிட்டுக்கிட்டு இருக்கறது அதுக்குத்தான்."

அக்கா குழம்புக் கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "உன்னை நிரந்தரம் பண்ற ஆர்டர் அடுத்த மாசம் வருது. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

மறுநாள் ஷிப்டுக்கு முன்பே பாலத்தைக் கடந்து கொக்கரின் கொட்டகைக்குப் போனேன். அவர் படகில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சுவிட்ச் அனுப்பிச்சானா உளவு பாக்க?"

"இல்லைங்க. திட்டுக்கிட்ட இருக்கற அளவுக் கம்பத்தை ஒருதரம் பாக்கணும்."

"கம்பம் அங்கேயேதான் நிக்கும். உங்க புத்தகம் மாதிரி வளையாது."

ஆனால் ஏற்றிக்கொண்டார். திட்டின் ஓரத்தில் அவர்கள் துறையின் அளவுக் கம்பம் இருந்தது. காய்ந்த நுரையும் வைக்கோல் துரும்பும் அதைச் சுற்றி ஒரே கோடாக ஒட்டியிருந்தன. தண்ணீர் ஏறி நின்ற உயரம் அது. மூன்று முறை படித்தேன். நாலு அறுபத்தாறு. திட்டில் ஈரமான குழிகள் வெறுமனே கிடந்தன. தலைக்குமேல் ஆலாக்கள் கத்தின. ஒன்று என் உச்சந்தலையில் கொத்திவிட்டுப் போனது.

"அது ஒண்ணுக்காவது ஆள் அடையாளம் தெரியுதே" என்றார் கொக்கர்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, பத்து, முடி. விசாரணையில் இதையே சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் துடுப்பைப் படகுக்குள் போட்டார்.

"உன் தப்பா? உன் தப்பை இங்க யாரு கேட்டா? சுவிட்ச் வேணும்னே ஏத்தினான்."

"வேணும்னு ஏத்தலைங்க. நான் தப்பா சொன்னேன், அவர் நம்பினார்."

"நீ இதை அங்க போய்ச் சொல்லு. 'பாவம், சின்னப் பொண்ணு, கைதவறிட்டா'ன்னு ஃபைலைக் கட்டிடுவாங்க. அவன் மீசையை முறுக்கிக்கிட்டு வீட்டுக்குப் போவான்."

"சொல்லலேன்னா உங்களுக்கு வேலை போயிடும்."

"போகட்டும். போறப்ப அவனையும் இழுத்துக்கிட்டுப் போறேன். நீ குறுக்க வராதே."

மூன்றாம் நாள் விசாரணை. கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் மின்நிலையத்தார், மறுபக்கம் சரணாலயத்தார், மேசை முனையில் விசாரணை அதிகாரி. நடுத்தர வயது அம்மா; பேனா மூடியைத் திறக்காமலே, அத்தான் கடிதத்தை வாசிக்கக் கேட்டார். நாய்கள் வந்த இடத்தில் கொக்கர் மேசையைத் தட்டினார்.

"நாய் நீந்தி வந்துச்சாம்மா, கேளுங்க! சுத்திலும் ஆழம். நாயா, நீர்மூழ்கிக் கப்பலா?"

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "நாலு நாற்பத்தஞ்சுன்னு எழுதினது யாரு?"

எழுந்து நின்றேன். படித்தது நாலு ஐம்பத்தைந்து, எழுதியது நாலு நாற்பத்தைந்து, அன்று காற்றின் திசை எதிர், கம்பத்தில் கோடு நாலு அறுபத்தாறு. ஒத்திகை பார்த்திருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அதிகாரி அப்போதுதான் பேனாவைத் திறந்தார். "பத்து கழிக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

"விதி இல்லைங்க மேடம். வழக்கம்."

"யார் வழக்கம்?"

அத்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நானாகத்தான் கழித்தேன்' என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. சொல்லியிருந்தால் கொக்கர் சொன்னபடியே ஃபைல் கட்டப்பட்டிருக்கும். அவர் வேலையும் தப்பியிருக்கும், அத்தானும் தப்பியிருப்பார். இதை அந்த இரண்டு மூன்று நொடியில் நான் தெளிவாக யோசித்தேன்.

"ஷிப்ட் இன்ஜினியர் சொல்லிக்கொடுத்தது."

சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த முழுப் பக்கமும் பொய்.

"காத்து திரும்பினா என்ன செய்யணும்னு சொன்னாரா?"

"இல்லைங்க. அது எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

"உங்களுக்கு ஏன்?"

"பாலத்துல நிக்கறது நான்தானேங்க."

அதை அவர் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் கொக்கர் என்னை வழிமறித்தார். அவர் வேலை தப்பியது அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"கெடுத்துட்டே. வேணும்னு பண்ணான்னு நிரூபிக்க எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். இப்ப அது வெறும் 'வழக்கம்' ஆயிடுச்சு. வழக்கத்துக்கு யாரைத் தூக்குல போடுவாங்க?"

"உங்க வேலை இருக்குல்லைங்க?"

"ரொம்ப முக்கியம்! இனிமே திட்டுப் பக்கம் வந்தே, படகோட கவுத்துருவேன்."

வாரக் கடைசியில் உத்தரவுகள் வந்தன. எதையும் கழிக்கக் கூடாது. திட்டுக் கம்பத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் மதகை இயக்க வேண்டும். அத்தானுக்கு ஷிப்ட் பொறுப்பு போய், உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம். என் தற்காலிகப் பணி மாதக் கடைசியோடு முடிகிறது என்று எனக்கு ஒரே வரி.

வீட்டுக்குப் போனேன். அக்கா என் பெட்டியைக் கட்டில்மேல் திறந்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கோபத்திலும் அவள் மடிப்பு கலையாது.

"உன்னைப் பாத்தா எனக்கு பயமா இருக்குடி" என்றாள். "நாளைக்கு என்னையும் யார்கிட்டயாவது எழுதிக் குடுப்பே."

"அக்கா, நான் என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"அது இன்னும் பயம்."

அத்தான் அறை வாசலில் வந்து நின்றார். கிடங்குச் சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. முதல் நாளே கொடுத்துவிட்டார்கள் போல.

"பத்துன்னு சொன்னேன். சரி. திசையைப் பாக்காதேன்னு சொன்னேனா?"

"இல்ல அத்தான்."

"அதை அங்க சொன்னியா?"

"சொன்னேன்."

"எனக்குக் கேக்கல."

அவர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கும். ஆனால் நான் தெளிவாகத்தான் சொன்னேனா, அவர் பெயர் வந்த இடத்தில் குரலை உயர்த்தி இந்த இடத்தில் தாழ்த்தினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். தாழ்த்தியிருக்கக்கூடும்.

"பெட்டி பூட்டு சரியில்ல" என்றாள் அக்கா. "கயிறு போட்டுக் கட்டிக்கோ."

மாலை வகுப்புக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தேன். கயிற்றை அத்தான்தான் கொண்டுவந்து கொடுத்தார். முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.