வாத்துகள் குடித்த ஸ்டவுட்

நான்காவது வாத்தும் சாக்கடைக்குள் தலைகுப்புற விழுந்தபோதுதான் டோரினுக்குப் பயம் பிடித்தது. அதுவரை சிரிப்புதான் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். தினமும் சாயங்காலம் மாமியார் மார்த்தா ஒரு கிளாஸ் ஸ்டவுட்டில் பச்சை முட்டையை அடித்து ஊற்றி, "மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரு லா" என்று நீட்டிவிட்டுக் குளிக்கப் போவாள். அந்தக் கறுப்புப் பீர் குடித்தால் ரத்தம் ஊறும், பிள்ளை திடமாகப் பிறக்கும் என்பது ரந்தாவ் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். டோரினும் இரண்டு கிளாஸ் குடித்திருந்தாள். மூன்றாவதற்கு முன் கிளினிக் நாள் வந்தது. வயிற்றை அளந்த நர்ஸ் மிஸி, அம்மா குடிப்பது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும் என்றாள். உள்ளே மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. அது பழுதானால் பிள்ளைக்குக் கணக்கு வராது, சொன்னது மனதில் நிற்காது, எத்தனை வயதானாலும் யாராவது கூடவே இருக்க வேண்டிவரும் என்றாள். மிஸி சொல்லச் சொல்ல டோரினுக்கு ஒரே முகம்தான் கண்முன் வந்தது.

கொழுந்தன் தேவதாஸின் முகம். இருபத்து நான்கு வயது. தேங்காய் வாங்கிவரச் சொன்னால் முடி வெட்டிக்கொண்டு வருவான். ஒரே ரப்பர் மரத்தை இரண்டு முறை சீவிவிட்டு அடுத்த மரத்தைத் தாண்டிப் போவான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்தினால், "இது நல்ல மரம் மண்டோர்" என்பான். அவன் வயிற்றிலிருந்தபோது தான் குடித்ததை மார்த்தா லயத்து வீடுகள் முழுக்கப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மிஸி சொன்னதை அவளிடம் போய்ச் சொல்வதும், உங்கள் பிள்ளையை நீங்கள்தான் இப்படி ஆக்கினீர்கள் என்று சொல்வதும் ஒன்றுதான். அவன் விஷயத்தில் அது உண்மையா என்றுகூட டோரினுக்குத் தெரியாது. குடிக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. மார்த்தா குளிக்கும் நேரத்தில் கிளாஸைப் பின்வாசலில் வாத்துத் தட்டில் கவிழ்த்தாள்.

இரண்டே வாரத்தில், மார்த்தா போத்தல் மூடியைத் திறப்பதற்கு முன்பே வாத்துகள் கள்ளுக்கடை வாசல் ஆட்கள் மாதிரி வந்து நிற்கத் தொடங்கின. இன்று கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

"மார்த்தாக்கா!" பக்கத்து வீட்டுச் செல்லம்மா கத்தினாள். "ஒங்க வாத்துக்கு என்னா சீக்கு? ஒண்ணு எங்க சாமி ரூமுல வந்து படுத்திருக்கு. வெரட்டுனா மொறைக்குது!"

ஈரத் தலையோடு ஓடிவந்த மார்த்தா, சாக்கடையிலிருந்து ஒரு வாத்தைத் தூக்கி அதன் அலகை முகர்ந்தாள். முப்பது வருஷம் புருஷன் வாயை முகர்ந்தவளுக்கு ஒரு நொடி போதும்.

"யாருடா இதுக்கு ஊத்துனது?"

"அண்ணிதாம்மா, தெனம்," என்றான் பின்வாசலில் நின்றிருந்த தேவதாஸ் சந்தோஷமாக. "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க. நான் சொல்லவே இல்ல."

மார்த்தா திரும்பினாள். "வாத்துக்கா நான் முட்ட ஒடச்சி ஊத்துறேன்? அதுவும் அதோட முட்டையவே! இவன் வயித்துல இருக்கறப்ப நான் ஒரு நாளு உட்டதில்ல. ஸ்டவுட்டு இல்லாட்டி கள்ளு. பாரு, எப்பிடி மரமாட்டம் நிக்கிறான்!"

தேவதாஸ் இன்னும் நேராக நின்றான்.

நாக்கு நுனிவரை வந்ததை டோரின் விழுங்கினாள். "மாதாவுக்கு நேர்ச்சை அத்தே. புள்ள பொறக்கறவரைக்கும் தொடமாட்டேன்னு." பொய்யாகிவிடக் கூடாதென்று, சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் மாதாவிடம் அவசர அவசரமாக நேர்ந்துகொண்டாள்.

"மாதாவுக்கா?" மார்த்தாவின் கோபம் வழி தெரியாமல் நின்றது. "அப்பச் சரி. ஆனா மாதா முட்டைய வேணாங்கலதானே?"

"இல்ல அத்தே."

மார்த்தா வாத்தைக் கீழே விட்டாள். அது இரண்டடி நடந்து சுவரில் முட்டி உட்கார்ந்துகொண்டது. இந்த முறை அவள் குரல் தணிந்திருந்தது.

"கிளினிக்குல மிஸி எதும் சொல்லுச்சா?"

கேட்டது டோரினை. கண்கள் தேவதாஸின் மேல் இருந்தன.

"இல்ல அத்தே. ஒண்ணும் சொல்லல."

தேவதாஸ் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். காலரின் ஒரு பக்கம் காதருகே ஏறியிருந்தது. எப்போதும் "எரும" என்று தலையில் தட்டிவிட்டுப் போகிற மார்த்தா, இன்று அவன் முன்னால் போய் நின்று எல்லாப் பொத்தான்களையும் அவிழ்த்தாள். கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். அவன் தாடையை உயர்த்திக்கொண்டு, கூசுகிறதென்று சிரித்தான். மூன்றாவது பொத்தானில் அவள் விரல்கள் நின்றுவிட்டன. மேலே இன்னும் இரண்டு இருந்தன.