கையெழுத்துக்கு மேலே இருந்த இடம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நடுநாயகமாகப் பேராசிரியர் கினியூ. ஆய்வுப் பள்ளியின் தலைவர் அவர்தான். அவருக்கு இடப்பக்கம் மடிக்கணினியோடு அலுவலகச் செயலர் சில்வெத். வலப்பக்கம் இன்னொரு பேராசிரியர் லொயிக் மார்ஸான், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தட்டிலிருந்த வெண்ணெய்க் கேக்கில் பெரிய துண்டைத் தன் பக்கம் நகர்த்தியபடி. கதவை ஒட்டிய நாற்காலியில் பாரிஸிலிருந்து நடுவராக வந்திருந்த மதாம் ஃபோஷூ. நாலு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் என்பதால் பெட்டியைக் காலடியிலேயே வைத்திருந்தார். கினியூவுக்கு நேர் எதிரே, வெளிச்சம் கண்ணில் குத்தும் இடத்தில், பேராசிரியை அர்மெல் ஜெகூ.

கேட்டு வந்தவர்கள் ஆறு மாணவர்கள். கொடுப்பதற்கு இருந்தவை இரண்டே ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் கிடைத்தவர் மூன்று வருடம் மாதச் சம்பளத்தோடு முனைவர் பட்டத்துக்கு உழைக்கலாம். கிடைக்காதவருக்குப் பதிவே கிடையாது. சம்பளம் இல்லாத யாரையும் ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை என்று அந்தப் பள்ளி விதி வைத்திருந்தது. இரக்கத்தில் வைத்த விதிதான். கழுத்தைப் பிடிக்கும்போது மட்டும் அது இரக்கமாகத் தெரியாது.

அர்மெலின் மாணவன் கொரந்தான் அப்கிரால் அந்த ஆறு பேரில் ஒருவன். இருபத்தேழு வயது. வாரநாளில் சிப்பிப் பண்ணையில் முழங்கால் சேற்றில் நின்று கூலி வாங்கினான். சனி ஞாயிறுகளில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, யாரும் ஒரு காசு கொடுக்காமலேயே, கடற்பாசியைத் தின்னும் அழுகல் நோயை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகலை முடித்த மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அவனுக்கு இது மூன்றாவது வருடம்.

"ரயில் பிடிக்கிறவங்க இருக்காங்க. இப்பவே கையெழுத்தப் போட்டு வச்சிருவோம்," என்றார் கினியூ.

வருடா வருடம் அப்படித்தான். முடிவுத் தாளின் அடியில் காலையிலேயே எல்லோரும் கையெழுத்திட்டுவிடுவார்கள். மேலே காலியாக இருக்கும் இடத்தில் சாயங்காலம் சில்வெத் பெயர்களை அச்சடித்துச் சேர்ப்பாள். வெளியூர்க்காரர்களைத் தேடித் தபாலில் தாளை அலையவிடும் தொல்லை மிச்சம்.

"ஜெகூ, என் பேனாவத் திருப்பிக் குடுத்துரு. போன வருஷம் ஒண்ணு போச்சு," என்றார் மார்ஸான்.

"அந்த ஓட்டைப் பேனாவ வச்சு நான் என்ன பண்ணப் போறேன்," என்று சொல்லிக்கொண்டே அர்மெல் கையெழுத்திட்டாள்.

மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசினார்கள். வழிகாட்டி தன் மாணவனின் பேச்சைக் கேட்கக் கூடாது; அவனைப் பற்றிய விவாதத்திலும் இருக்கக் கூடாது. கொரந்தானின் முறை வந்தபோது வெளியே போய்விட்டு வந்தாள். மூன்று மணிக்கு வரிசைப்படுத்தத் தொடங்கியபோது மறுபடியும் எழுந்தாள். இந்த முறை மார்ஸானும் கூடவே எழ வேண்டியிருந்திருக்கும், அவருடைய மாணவி எனோராவும் பட்டியலில் இருந்ததால். ஆனால் எனோராவைப் பற்றி ஏற்கெனவே பேசி முடித்தாயிற்றாம், அவர் எழவில்லை.

நடைபாதையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொரந்தான் நின்றிருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு தோளில் தொங்கியது.

"எப்படிப் பேசின?"

"நல்லாத்தான் பேசினேன் மேடம். கேள்வி கம்மியா கேட்டாங்க." காலிக் கோப்பையை நசுக்கிக் குப்பையில் போட்டான். "நேத்து ராத்திரி கம்பெனில இருந்து மெயில் வந்துச்சு. அவங்க விலகிட்டாங்க. இந்த வருஷம் ஆள் எடுக்கலையாம்."

கடற்பாசித் தூள் செய்யும் கம்பெனி அது. கம்பெனி மாணவனை வேலைக்கு வைத்துக்கொண்டால் அரசாங்கம் கம்பெனிக்கு மானியம் கொடுக்கும். அந்த வழியிலும் முனைவர் பட்டம் முடிக்கலாம். அந்தக் கதவையும் தட்டச் சொன்னதும், அதை விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதச் சொன்னதும் அர்மெல்தான். நாலு இடத்தில் முயற்சி செய்கிறவன் என்று தெரிந்தால் நடுவர்களுக்கு மதிப்பு வரும் என்று நினைத்தாள்.

"உள்ள சொன்னியா?"

"அவங்க கேக்கல. நீங்க சொல்றீங்களா?"

"உன்னப் பத்தி நான் வாயத் தெறக்கக் கூடாதுடா. அதப் போட்டுக் குழப்பிக்காத. உன் கோப்புக்கு முன்னால மத்ததெல்லாம் எம்மாத்திரம்."

சில்வெத் கதவைத் திறந்து கூப்பிட்டபோது மதாம் ஃபோஷூவின் நாற்காலி காலி. டாக்ஸி வந்துவிட்டதாம். கினியூ பட்டியலைப் படித்தார். முதலாவது, நீரியல் துறைப் பையன் ஒருவன். இரண்டாவது, எனோரா. மூன்றாவது, காத்திருப்பில் முதல் இடம், கொரந்தான் அப்கிரால்.

"மூணாவதா?"

"நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற," என்றார் மார்ஸான். "உன் பையனுக்குத்தான் கம்பெனி இருக்கே. கையில ஒண்ணு வச்சிருக்கிறவனுக்கு இன்னொண்ணு எதுக்கு? எனோராவுக்கு எதுவுமே இல்ல."

"மதிப்பெண் என்ன போட்டீங்க?"

"அவன்தான் மேல," என்றாள் சில்வெத், திரையைப் பார்த்தபடியே.

"கம்பெனி நேத்து விலகிருச்சு," என்றாள் அர்மெல்.

கினியூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப மறுபடியும் பேசணும். பேசறதுக்கு ஃபோஷூ இல்ல. நடுவர் குழு முழுசா இல்லாம நான் எதையும் மாத்த முடியாது. அதுவும் கையெழுத்தான தாளு."

"வெறும் தாள்ல போட்ட கையெழுத்து."

"உன்னோடதும் அதுல இருக்கு, அர்மெல்."

மேசைமேல் கிடந்த தாளை அவள் பார்த்தாள். மூன்று பெயர்களுக்கும் கீழே, தன் கையெழுத்து முதலாவதாக இருந்தது.

அன்று மாலை, கோபம் ஆறும் முன்பே, கொரந்தானைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காலையில் வெறும் தாளில் கையெழுத்திட்டது உட்பட. அவன் "சரி மேடம்" என்று மட்டும் சொன்னான். பின்னணியில் சிப்பிகளை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டது.

ஒப்பந்தத்தை ஏற்பதற்குப் பத்து நாள் கெடு. முதல் இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பதினோராவது நாள் கொரந்தான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். இலவசமாகச் சட்ட யோசனை சொல்லும் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"மதிப்பெண் மேல இருந்தும் கீழ போட்டது ஒண்ணு. வெறும் தாள்ல கையெழுத்து வாங்கினது ரெண்டாவது. இந்த ரெண்டாவது ஒண்ணே போதும்கிறாங்க, போட்டியையே ரத்து பண்ணிட்டு மறுபடி நடத்த வேண்டி வருமாம். ஆனா உள்ள இருந்த யாராச்சும் எழுதிக் குடுக்கணும். கைப்பட எழுதி, அடையாள அட்டை நகலோட."

"உள்ள இருந்தவங்க."

"நீங்க மேடம். வேற யாரு எழுதிக் குடுப்பா?" அவன் கையிலே புதிய வெட்டுக் காயம் ஒன்று இருந்தது, சிப்பி ஓடு கீறியது. "மறுபடி நடந்தா நான் தோத்தாலும் பரவால்ல. அந்தக் கம்பெனி விஷயம் இல்லாம ஒரு தடவ பாக்கட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தர்றேன்," என்றாள் அர்மெல். சொன்னபோது அப்படித்தான் நினைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் மார்ஸான் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எதுவும் யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை.

"எழுதப் போறியா?"

"சாப்பிட விடு, லொயிக்."

"சாப்பிடு. நான் பேசறேன், நீ சாப்பிடு." மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். "ரத்தாச்சுன்னா மூணு பேருக்கும் இல்ல. மாசக் கடைசிக்குள்ள ஒதுக்காத பணம் மேல போயிரும், அத மறுபடி கீழ இறக்க கினியூவால முடியாது. எனோரா பள்ளிக்கூட வேலைய விட்டுட்டா. வீட்டுக்கு முன்பணம் குடுத்துட்டா. அவ என்ன தப்புப் பண்ணா, சொல்லு."

"கொரந்தான் என்ன தப்புப் பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. அவன விண்ணப்பத்துல கம்பெனியப் பத்தி எழுதச் சொன்னது நானா?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் மூணு பசங்க உன்கிட்ட இருக்காங்க," என்றார் மார்ஸான், குரலை இறக்கி. "அவங்களுக்கும் இதே அறைதான், இதே மேசைதான். கினியூ மறக்க மாட்டாரு. நானா இருந்தா அப்படியில்ல. ஆனா கினியூ மறக்க மாட்டாரு."

வெள்ளிக்கிழமை காலை அர்மெல் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். முதல் தாளில் எல்லாம் இருந்தது. காலை ஒன்பது மணி, வெறும் தாள், யார் யார் எந்த வரிசையில் கையெழுத்திட்டார்கள், மதிப்பெண் பற்றிச் சில்வெத் சொன்னது, மார்ஸான் அறையிலேயே இருந்தது. அழகாக வந்திருந்தது. அதைப் படித்தாள். சில்வெத்தின் பெயர் வந்த இடத்தில் நின்றாள். இது வெளியே போனால் முதலில் இடம் மாற்றப்படுகிறவள் அவளாகத்தான் இருப்பாள். தாளைக் கிழித்தாள்.

இரண்டாவதில் சில்வெத் இல்லை. பிறகு மதிப்பெண் எப்படித் தெரிந்தது என்று எழுத வழியில்லை, அதையும் விட்டாள். மார்ஸான் உள்ளே இருந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை, வெளியேதானே நின்றாள். அதையும் விட்டாள். கையெழுத்து விஷயம் மட்டும் மிஞ்சியது. அந்த ஒரு வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரியில் முதல் கையெழுத்து அவளுடையது. அதையும் விட்டாள்.

மூன்றாவது தாள் பாதிப் பக்கம்தான் வந்தது. தன் பெயர், பிறந்த தேதி, பதவி. தான் நடுவர் குழுவில் இருந்ததாகவும், விதிப்படி தன் மாணவனின் பேச்சின்போதும் அவனைப் பற்றிய விவாதத்தின்போதும் அறைக்கு வெளியே இருந்ததாகவும், ஆகவே அங்கே பேசப்பட்டது எதையும் தான் நேரில் கேட்கவில்லை என்றும் எழுதினாள். கொரந்தான் அப்கிரால் உழைப்பாளி, நேர்மையானவன், தன் இருபத்தாறு வருட அனுபவத்தில் கண்ட சிறந்த மாணவர்களில் ஒருவன் என்றும் சேர்த்தாள். பொய்ச் சாட்சி தண்டனைக்குரியது என்பதை அறிவேன் என்ற கட்டாய வரியையும் கைப்பட எழுதினாள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். பொய் ஒன்றும் இல்லை.

பத்து மணிக்குக் கொரந்தானிடமிருந்து செய்தி வந்தது: 'மதியம் நானே வந்து வாங்கிக்கவா மேடம்?'

'வேண்டாம், தபாலில் அனுப்பிவிட்டேன்,' என்று பதில் போட்டாள். அதன் பிறகுதான் அடையாள அட்டையை நகல் எடுக்கப் போனாள்.

தபால் அலுவலகத்தில் வரிசை இருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு கிழவர் பேரனுக்குக் காலுறை அனுப்பிக்கொண்டிருந்தார். முகப்பில் இருந்த பெண் உறையை எடை பார்த்தாள்.

"பதிவுத் தபாலா, சாதாரணமா?"

"பதிவு."

"உள்ள முக்கியமானது ஏதாவது இருக்கா? காப்பீடு வேணுமா?"

"வேண்டாம்," என்றாள் அர்மெல். உறையின் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி ஒட்டி, கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அந்தப் பெண் முத்திரையைக் குத்தி, பின்னால் இருந்த மூட்டைக்குள் போட்டாள்.