அரக்குக் கூறை

பீரோவின் கீழ்த்தட்டைக் கோதை மூன்றாவது தடவையாகத் துழாவினாள். அந்துருண்டை அகப்பட்டது, அம்மாவின் பழைய ஸ்வெட்டர் அகப்பட்டது. கூறைப்புடவையை மட்டும் காணோம்.

புனேயில், கோந்த்வா ஃப்ளாட்டின் கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். "சுமங்கலியாப் போயிருக்கா. கூறையப் போத்தாம அனுப்பப்படாது. எங்கடி அது?" என்று பாலாம்பாள் அத்தை குரல் கொடுத்தாள்.

அரக்கு ஒன்பது கஜம். அம்மாவைப் பெற்றவள் கும்பகோணத்திலிருந்து புனேவுக்கு ரயிலேறியபோது டிரங்குப் பெட்டியில் வந்தது. அவள் சுமங்கலியாகப் போகாமல், புருஷன் போன பிறகு போனதால் புடவை தீக்குத் தப்பியது. அம்மாவும் கோதையும் அதைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கிக்கொண்டார்கள். வருகிற தையில் கோதையின் பெண் வைஷுவின் முறை.

பீரோ சாவி சுஷ்மாவிடம் இருந்தது. தம்பி ராம்கி காதலித்துக் கட்டிய மராட்டிக்காரி. இது பெண்வழிச் சொத்து என்று சொல்லி அம்மா அவளுக்குப் புதுக்கூறைதான் எடுத்தாள். அந்தக் குறை மனசில் இருக்காதா? அவளுக்கும் ஒரு பெண் இருக்கிறாளே. புடவை அம்மாவோடு எரிந்துபோனால்கூடக் கோதைக்கு ஆறிவிடும். சுஷ்மாவின் பெண்ணுக்குப் போவதை அவளால் தாங்க முடியாது.

குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளைச் சமையலறையில் மடக்கினாள்.

"சாவி எப்போலேர்ந்து உங்கிட்ட இருக்கு?"

"முந்தாநேத்து. ஆஸ்பத்திரிலே அம்மாவே குடுத்தா."

"கூறை எங்க?"

"பீரோலே இல்லே, அக்கா."

"எடுத்தவாளுக்குத்தானே தெரியும், இல்லேன்னு."

சுஷ்மா குழாயை மூடினாள். உள்ளே போய்த் தன் கல்யாணக் கூறையைக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டினாள். "இது போத்துங்கோ. அம்மா வாங்கினதுதான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று கோதை நினைத்துக்கொண்டாள். அந்த ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை.

ஆண்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குளிக்கப் போகுமுன் மாற்றுப்புடவைக்காகக் கோதை தன் பையைத் திறந்தாள். அடியில் துண்டு சுற்றிய பொட்டலம். பிரித்தால் அரக்கு. ஊக்கு குத்திய சீட்டில் அம்மாவின் நடுங்கிய எழுத்து:

'கோதை, இது வைஷுவுக்கு. பாலா கேட்டால் நீ பயந்து கொடுத்துவிடுவாய். சுஷ்மா கொடுக்கமாட்டாள். யாருக்கும் சொல்லாமல் உன் பையில் வைக்க அவளிடம் சொல்லியிருக்கிறேன்.'

கோதை அதை இரண்டு தடவை படித்தாள். சுஷ்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

கூடத்தில் சுஷ்மா தனியாகத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோதை முந்தானையைச் செருகிக்கொண்டு இன்னொரு துடைப்பத்தை எடுத்தாள். சுஷ்மா நிமிரவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.