மெஷினுக்குத் தெரிந்த முகம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஆளைத் தெரிந்துகொள்ளப் படாத பாடு பட்ட ஒரு மெஷினின் கதை சொல்கிறேன்.

ஒரு மாவு மில். அங்கே மூட்டைக்கு வாய் தைப்பவளை எல்லோரும் ஊசி என்றே கூப்பிட்டார்கள். மூட்டையைப் பிடித்துக்கொடுப்பவள் அவள் நாத்தனார். இந்த மாதம் ஒரு ஆப்சென்ட்கூட விழாவிட்டால் ஊசிக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த மாதம் பார்த்துத்தானா முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வாசலுக்கு வர வேண்டும்! காலையில் போய் நின்றால் பச்சை விளக்கு. சாயங்காலம் புருவம், இமை, காது மடலெல்லாம் மாவாக நின்றால் சிவப்பு, ஆள் தெரியவில்லையாம். வெளியே போனது பதியாவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட். கழுவிப் பார்த்தார்கள், தண்ணீர் பட்டதும் முகத்தில் பசை காய்ச்சினாற்போல் ஆனது.

"மெஷினுக்கே உங்களத் தெரியலையே அண்ணி, எங்கண்ணன் எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ!"

"உங்கண்ணன் எங்கடி முகத்தப் பாக்குறாரு? டிபன் பாக்ஸப் பாத்துத் தெரிஞ்சுக்குவாரு."

மேனேஜர் மெஷின்காரரை வரவழைத்தார். "இதோட பார்வை போதாது. சரி பண்ணுங்க."

"ஆளுக்கு ரெண்டு முகம் பதிஞ்சுடலாம் சார். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"ஒரு ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு முகம்? தப்பு வர்றது சாயங்காலம்தானே? அந்த முகத்தையே பதிங்க."

பதிந்தார்கள். பழைய சிவப்பையெல்லாம் மேனேஜர் பெரிய மனசு பண்ணி மன்னித்தார்; இனி விழுந்தால் போச்சு என்றார். சாயங்காலம் எல்லோருக்கும் பச்சை. மறுநாள் காலையில், குளித்துத் தலைவாரி வந்த எல்லோருக்கும் சிவப்பு! ஊசி யோசிக்கவில்லை. மாவு படிந்த நேற்றைய மேலுடுப்பை உதறி முகத்தில் தேய்த்துக்கொண்டு நின்றாள். பச்சை. அன்றிலிருந்து மெஷின் பக்கத்தில் ஒரு கிண்ணம் மாவு. துல்லியம் நூற்றுக்கு நூறு என்று மேனேஜர் மேலிடத்துக்கு எழுதினார். அதில் பொய் ஒன்றுமில்லை.

மாதம் முடிந்தது. கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று ஊசி சோப்புப் போட்டுக் கழுவி, பளிச்சென்று மேனேஜர் அறைக்குப் போனாள்.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?"

"நான்தான் சார், மூட்டை தைக்கிறவ."

"அவள எனக்குத் தெரியாதா? சரி, மெஷின்கிட்ட நில்லுங்க, பாத்துடலாம்."

சிவப்பு.

"பாத்தீங்களா? மெஷின் பொய் சொல்லாதும்மா."

ஊசி பேச வாயெடுத்தாள். நாத்தனார் கிண்ணத்தை நீட்டினாள். "வாதாடாதீங்க அண்ணி. பூசுங்க. இமையிலயும்."

பச்சை விழுந்ததும் மேனேஜர் வாயெல்லாம் பல். "வா ஊசி! எங்க போன? உன் பேரச் சொல்லிக்கிட்டு யாரோ ஒரு அம்மா வந்து நின்னாங்க!"

வேலை நிரந்தரமானது. அடையாள அட்டைக்குப் படமும் அங்கேயே எடுத்தார்கள், மாவோடு.

ஊசி அப்படியே வீட்டுக்குப் போய் நின்றாள். கதவைத் திறந்த கணவன் ஒரு நிமிடம் பார்த்தான். "கிடைச்சிடுச்சா? முகத்துலயே தெரியுதே!" என்றான்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எந்த வேஷத்தில் போய் நின்றாலும் உங்களை அடையாளம் தெரிந்து கதவு திறக்க வீட்டில் ஆள் இருக்கட்டும். அந்த வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும்.