காலை ஊன்றாதவன்

மாலவால் கணவாயை மிதிவண்டியில் ஏறத் தொடங்கிய ஃபிர்மேன் ரூவெல், முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்த இலையுதிர்காலத்திலும் ஏறிக்கொண்டுதான் இருந்தான். உச்சிக்கு இன்னும் ஒரு பேருந்தின் நீளமே எஞ்சியிருந்தது. அவன் நின்றுவிட்டான் என்று பேசியவர்கள் உண்டு, அச்சிட்டவர்களும் உண்டு. அது பொய். அவனுடைய சக்கரங்கள் ஒரு நாளும் நின்றதில்லை. கணவாயின் அடியிலுள்ள லா ரூவியேர் ஊரார் அனைவரும் இதற்குச் சாட்சி. முன்சக்கரத்தை ஒட்டிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய், உருளைக்கிழங்கைத் தோண்டி முடித்துத் திரும்பிவந்து பார்த்தால், சக்கரம் கோட்டைத் தாண்டியிருக்கும்.

ஆகஸ்டு பதினைந்தாம் நாள், மாதா திருவிழாவன்று, ஊர் மிதிவண்டிச் சங்கத்தார் நீரூற்றை ஒருமுறை சுற்றிவிட்டுக் கணவாயை ஏறுவது வழக்கம். மனைவிமார், சங்கத்தின் சரக்குவண்டியில் முன்னதாகவே உச்சிக்குப் போய், அன்றைய செய்தித்தாளுடன் காத்திருப்பார்கள். ஏறி வருபவன் அதை வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மீது செருகிக்கொள்வான். வியர்வையோடு மறுபுறம் இறங்குபவனின் நெஞ்சைக் காற்று பிடித்துவிடாமலிருக்க அதைவிடச் சிறந்த கவசம் இல்லை. கூரை ஓடு வேயும் ஃபிர்மேனுக்கு மட்டும் ஒரு வாடிக்கை இருந்தது. கடைசி வளைவில் மூச்சுத் திணறிக் காலைத் தரையில் ஊன்றிவிடுவான். அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே உச்சிக்கு நடப்பான். ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தாமல் இருந்திருக்கலாம். ஆனால் மருந்துக்கடைக்காரரும் சங்கத் தலைவருமான முசியே புஸ்கே, பிறர் களைப்பில் தாம் இளைப்பாறும் இயல்பினர்.

"ஃபிர்மேன், உனக்கு எதுக்குப்பா சைக்கிள்?" என்றார் அவர், 1959ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முதல் நாள், மதுக்கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி. "கூட ஒரு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனா மேய்ச்சலாவது நடக்கும்ல?"

கடை முழுதும் சிரித்தது. ஃபிர்மேன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இந்த வருஷம் காலை ஊன்ற மாட்டேன், முசியே புஸ்கே. ஊன்றினா இந்த ஊர்ல எவனும் என்னை ஆம்பளைன்னு கூப்பிட வேணாம்."

"இப்ப மட்டும் யாரு கூப்பிட்டா?" என்றது ஒரு குரல். அது யாருடைய குரல் என்பது இன்றும் ஊருக்குத் தெரியும். அந்த மனிதனின் பிள்ளைகள் உயிரோடிருப்பதால் இங்கே சொல்லப்படவில்லை.

மறுநாள் ஃபிர்மேன் காலை ஊன்றவில்லை. கடைசி வளைவில் வழக்கம்போல் அவன் பலம் தீர்ந்தது. தீர்ந்த பலத்தோடு அவன் மெதுவாகப் போனான். பிறகு இன்னும் மெதுவாக. பிறகு, எந்த மனிதனும் விழாமல் போக முடியாத அளவுக்கு மெதுவாக. அவன் விழவில்லை. மற்றவர்கள் மறுபுறம் இறங்கிக் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டே திரும்பியபோது, அவன் பெடல்மீது எழுந்து நின்றபடி அதே வளைவில் ஏறிக்கொண்டிருந்தான். அவன் மனைவி லியோந்தின் செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உச்சியில் நின்றாள். புஸ்கே தமது மடக்குமேசையை மடக்கிக்கொண்டே, "ராத்திரிக்குள்ள வந்துடுவான், மதாம்" என்றார்.

அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. முதல் வாரம் அவள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நடந்தபடியே அவனுக்குச் சூப் ஊட்டினாள். பனிக்காலத்தில் நின்றபடி ஊட்ட முடிந்தது. மூன்றாம் ஆண்டு வீட்டிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து, உட்கார்ந்தே ஊட்டினாள். சனிக்கிழமைகளில் முகம் மழித்துவிட்டாள். பனி அவன் முதுகில் விழுந்த மாத்திரத்தில் உருகி ஆவியானது. அந்த வெதுவெதுப்புக்காகச் சிட்டுக்குருவிகள் வண்டி இருக்கையின் கீழே கூடு கட்டின. பனி தள்ளும் வண்டிக்காரன் அவ்விடத்தில் மட்டும் தகட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனான். நாள்தோறும் லியோந்தின் அன்றைய செய்தித்தாளை வாங்கிக்கொண்டே மலையேறினாள். ஒருவேளை இன்றே அவன் உச்சியை அடைந்துவிட்டால், பழைய தாளையா கொடுப்பது?

அந்த 1959ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் ஃபிர்மேன் தன் வீட்டுக் கூரையைப் பிரித்திருந்தான். அடுப்படிக்கு மேலே ஓடு போடாமல் விட்ட இடம் ஒரு மேசையளவு இருந்தது. பந்தயம் முடிந்து வந்து போடுவதாக ஏற்பாடு. வேற்றாள் வைத்து வேய லியோந்தின் ஒப்பவில்லை. ஊரில் ஓடு வேய்பவனின் மனைவி வெளியூரான் ஒருவனை ஏணியில் ஏற்றுவதா என்று கேட்டாள். மழைநீர் பிடிக்க அதன் நேர்கீழே ஒரு தகரத் தொட்டியை வைத்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிறக்கக்கூடிய ஆண்டுகள் யாவும் அந்த வளைவிலேயே கழிந்தன.

"காலை ஊன்றிட்டு வா, ஃபிர்மேன். நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பாள்.

"தோ வந்துட்டேன். மேல போயிட்டு வந்துடறேன்" என்பான் அவன். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு பிற்பகல் ஆகும்.

ஐந்தாம் ஆண்டு ரொட்டிக்கடைக்காரன் இரக்கப்பட்டு அவன் முதுகில் கை வைத்தான். ஃபிர்மேன் எழுப்பிய அலறலில் எதிர்மலை ஆடுகள் இரண்டு நாள் பால் தரவில்லை. தள்ளிவிடப்பட்டவன் ஏறியவனாகக் கருதப்படமாட்டான் என்பது சங்க விதி. புஸ்கே அவ்விதியை மதுக்கடையில் எல்லாருக்கும் நினைவூட்டினார். எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு நினைவூட்டினார். ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் மலையில் கிடக்கும்போதும் விதியைத் தளர்த்த மனம் வராதவர்கள், அதே காலத்தில் அவனைக் காட்டிக் காசு பண்ணத் தயங்கவில்லை. ஊராட்சி அங்கே ஒரு பலகை நட்டது. 'ஃபிர்மேன் ரூவெல் நின்ற இடம்' என்று அதில் எழுதியிருந்தது. நிற்காதவனை நின்றவன் என்று எழுதியதற்கு எவரும் வெட்கப்படவில்லை. பயணிகள் வந்தார்கள்; அவன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்; அவன் வண்டியின் கைப்பிடியில் தங்கள் மேலங்கிகளைக்கூடத் தொங்கவிட்டார்கள். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டபின் அவர்களும் வரவில்லை. பலகை துருப்பிடித்தது. புஸ்கே இறந்தார், தலைவர் நாற்காலியில் அவர் மகன் உட்கார்ந்தான், பிறகு சங்கமே கலைந்தது. பழைய பாதையில் பனி தள்ளுவதை மாவட்டம் நிறுத்தியது. அதன்பின் அங்கே ஏறியவள் லியோந்தின் ஒருத்திதான்.

1990 அக்டோபரில் மருத்துவர் அவள் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனி மலை வேணாம், மதாம். இந்தக் குளிர்காலத்துல ஏறினீங்கன்னா, இறங்கி வர மாட்டீங்க" என்றார். மறுநாள் அவள் செய்தித்தாளை வாங்கிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றி ஏறினாள். மூடுபனியில் உச்சிக்கல் தெரியவில்லை. மீதமுள்ள தூரத்தை அவள் மனத்தில் அளந்தாள். அவன் போகிற வேகத்தில் அது இன்னொரு முப்பது ஆண்டு. கம்பைக் கீழே போட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் அவன் முதுகில் வைத்தாள். சட்டைக்குள் எலும்புகள் சூடாக இருந்தன. தள்ளினாள்.

அவன் அலறவில்லை. வண்டி எளிதாகவே நகர்ந்தது. உச்சிக்கல்லைக் கடந்ததும் அவள் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் செய்தித்தாளை அவன் மார்பில் செருகினாள். அங்கே சரிவில்லாததால் அவன் பேச்சும் பழைய வேகத்துக்குத் திரும்பியிருந்தது.

"நீயா தள்ளினே?"

"நான்தான்."

"அப்போ இது கணக்குல வராது, லியோந்தின்."

"எவன் கணக்குல? புஸ்கே செத்து எலும்பும் இல்லாம போயிட்டான். சங்கமும் இல்ல. இந்த ரோட்டுல நாய்கூட வரதில்ல. யாருடா பாத்தா?"

"நான் பாத்தேனே" என்றான் ஃபிர்மேன்.

காலை ஊன்றாமலே உச்சிக்கல்லை ஒரு வட்டமடித்து, வந்த வழியே திரும்பினான். முப்பத்தோர் ஆண்டுகளில் ஏறியதை இறங்க அவனுக்குக் கால் மணி நேரமே ஆயிற்று. குருவிக்கூட்டின் வைக்கோல் வழியெல்லாம் சிதறியது. லா ரூவியேர் தெருவில் அவன் பறந்து போனதைப் பார்த்தவர்கள், முடி நரைத்தவன் அவ்வளவு அழகாக வளைவெடுத்ததைப் பார்த்ததில்லை என்றார்கள். கீழே வந்து நீரூற்றை விதிப்படி ஒருமுறை சுற்றினான். ஏறத் தொடங்கினான். இப்போது அவனுக்கு அறுபத்தொன்பது வயது. கடைசி வளைவில் தீர வேண்டிய பலம் இம்முறை முதல் ஏற்றத்திலேயே தீர்ந்தது. அவன் மெதுவாகப் போனான், பிறகு இன்னும் மெதுவாக.

லியோந்தின் இறங்கி வந்து சேர அந்தி ஆகிவிட்டது. முதல் ஏற்றத்தில்தான் அவர்கள் வீடு இருந்தது. ஃபிர்மேன் அவர்களுடைய அடுப்படி ஜன்னலுக்கு நேர்கீழே பெடல்மீது எழுந்து நின்றுகொண்டிருந்தான். தொட்டியில் மழைநீர் சொட்டும் ஓசை அங்கே கேட்டது.

"வீடு வந்துடுச்சு" என்றாள் அவள். "இறங்கு. சூப் குடிச்சிட்டுப் போ."

"ஜன்னல் வழியா குடு" என்றான் அவன். சற்றுக் கழித்து, நிமிர்ந்து பார்த்து, "அந்த ஓட்டை இன்னும் அடைக்கலியா?" என்று கேட்டான். அதைக் கேட்டு முடிக்க விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் ரொட்டி வண்டிக்காரன் ஒருமுறை ஒலியெழுப்பிவிட்டு அவனைச் சுற்றிப் போனான். அதற்கடுத்த நாள் ஒலியெழுப்பவுமில்லை. லியோந்தின் இனிச் செய்தித்தாள் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டாள். அவன் அடுத்த வளைவான மாதா கோயில் வளைவை எட்டும்போது தான் கல்லறையில் இருப்பாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லி அவள் அழவில்லை. ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் அவன் தோள் எட்டியது. ஏறுகிறவனுக்கு மார்புக்கவசம் எதற்கு என்று, சட்டைக்குள் கையை விட்டு அந்த ஒரே செய்தித்தாளை உருவினாள். அது ஈரமாகாமல் இருந்தது. மேசையில் விரித்து, அதன்மேல் செஸ்ட்நட் கொட்டைகளைக் கொட்டி உரிக்கத் தொடங்கினாள். உரித்தவற்றில் ஒன்றை அவ்வப்போது ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.