கறுத்த நாகு

ஸ்காபரோவில் ஞாயிறு பூசை முடிந்து பண்ணைக்குத் திரும்பி வந்த கிளடிஸ், வீட்டுக்குள் போகாமல் காரை நேரே மாட்டுப் பக்கம் விட்டாள். பூசைக்கு உடுத்த சேலைக்கு மேலே தடித்த குளிர்க்கோட். போகும்போது தூறிய பனி நின்று, நவம்பருக்கே உரிய சாம்பல் வெளிச்சம் வயலெங்கும் படுத்திருந்தது. வேலியோரம் வந்ததும் அவள் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. றோய் ஏலத்தில் வாங்கி வந்த சிவலைக் கன்றுகளும் வீட்டில் பிறந்த கறுத்தக் கன்றுகளும் ஒரே தொட்டிக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தன. சிவலை ஒன்று நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற கறுத்த கன்றின் மூக்கை நக்கியது.

பார்ன் கொட்டிலுக்குள் புல்லுருளையின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான் றோய்.

"ஏன்ரா உதுகளை இஞ்சாலை விட்டனீ?"

"பின்பட்டிக்குப் போற தண்ணிப் பைப் உறைஞ்சு போச்சு அக்கா. விடிய இருந்து வாய் நனைக்கேல்லை. கத்திக்கொண்டு நிண்டதுகள்."

"வாளியிலை அள்ளி வைச்சிருக்கலாம்."

"அவ்வளவுக்கும் நான் ஒராளா?"

"ஒரு மாதம் வேறையா நிக்கோணுமெண்டு சொன்னனான். வந்து ஒரு கிழமை கூட ஆகேல்லை."

அவன் அறுத்த கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தான். கலந்ததைப் பிரித்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கிளடிஸுக்கு மாடுகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இங்கே வந்த பிறகு தெரிந்ததுதான். மன்னாரில் அவள் அப்பாவிடம் இருந்தது ஒரு கடை. கனடாவில், மில்லிக்கனில் இருந்த வீட்டை விற்று, விட்பிக்கு வடக்கே இந்த நிலத்தையும் அதோடு ஒரு இறைச்சி மாட்டுப் பட்டியையும் வாங்கியது கணவன் டெனிஸ்டனின் ஆசை. ஆனால் அவன் வின்னிபெக் பக்கம் ட்ரக் ஓட்டுவதை விடவில்லை. ஆகவே பட்டி அவள் தலையில் வந்தது. அதற்கு முன் அவள் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவள். பெருந்தொற்று வந்த வருடம், ஒரு கூடத்தில் இருந்த காய்ச்சல் எப்படி அடுத்த கூடத்துக்குப் போனது என்பதைக் கண்ணால் கண்டவள். ஒருவருடைய கையில், ஒரு தள்ளுவண்டியின் பிடியில், கழற்றாத ஒரு மேலங்கியில் அது நடந்து போனது. அந்தக் கூடங்களிலிருந்து பிணமாக வெளியே போனவர்களின் முகங்களைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மாடுகளிடம் வந்தபோது அந்தப் பயம் அவளுக்கு உதவியது. புதிய மாட்டுக்குத் தனிப் பட்டி, தனித் தண்ணீர். அங்கே போய் வர வேறு சப்பாத்து. எல்லாத் தாய் மாடுகளுக்கும் காளை சேர்க்க முன்னரே தடுப்பூசி. சுற்றியிருந்த பழைய பண்ணைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை விட்டார்கள்.

றோய் அவளுக்கு ஒரே தம்பி. கனடாவுக்குப் பிந்தி வந்து, அவர்களுடைய பேஸ்மென்ட்டில் இருந்து, பட்டியில் அவளோடு சேர்ந்து பாடுபட்டவன். அந்தச் சிவலைக் கன்றுகள் அவனுடையவை. அவன் தனக்கென்று இந்த நாட்டில் வாங்கிய முதல் உயிர்கள். விதை நீக்கி நலமடித்த ஆண் நாம்பன்கள், அடுத்த கோடை முழுவதும் மேய்த்துக் கொழுக்க வைத்து விற்கலாமென்று இருந்தான். ஏலத்திலிருந்து கொண்டுவந்து இறக்கிய அன்று, ஒவ்வொன்றாக முதுகைத் தட்டித் தட்டி அவன் உள்ளே விட்டதை அவள் அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவள்.

அடுத்த ஞாயிறு வரமுன்னரே இருமல் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே விட்டு இருமியது. மறுநாள் காலையில் பார்ன் முழுவதும் இருமியது. மாட்டு வைத்தியர் நிலாணி வந்தாள். மில்லிக்கனில் வளர்ந்த பெண், முப்பதைத் தாண்டவில்லை. தகப்பன் சச்சிதானந்தனுக்கு மகள் ஒரு பிளாசாவில் பூனை நாய் பார்க்கும் கிளினிக் திறக்கவில்லை என்ற மனக்குறை இன்னும் தீரவில்லை. அவள் காய்ச்சல் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், ஊசி போட்டாள். கிளடிஸும் றோயும் முறை வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டுக் கன்றுகள் சில நாள் மூக்கொழுகித் தேறிவிட்டன. சிவலைகள் தேறவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக மூலைக்குப் போய், தலையைச் சுவரில் சாய்த்து நின்று, பிறகு நிற்காமல் போயின. பாதிக்கு மேல் செத்தன. றோய் ட்ராக்டரால் அவற்றைக் கொண்டுபோய் ஓரத்தில் கிடத்தித் தார்ப்பாய் மூடினான். எடுத்துப் போகிறவர்களின் வண்டி வரும்வரை அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தான்.

டிசம்பரில் இரண்டு மாடுகள் காலத்துக்கு முந்தியே வயிற்றுக் கன்றை வீசின. மயிர் முளைக்காத, பூனையளவான கன்றுகள். இரண்டாவதைக் கண்ட அன்று, டெனிஸ்டனும் வீட்டில் நின்றான். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் கிளடிஸ், குரலை உயர்த்தாமலேயே சொன்னாள்:

"நீ கொண்டுவந்த வருத்தம். உன்ரை கையாலை திறந்துவிட்ட வருத்தம். அது என்ரை பட்டியைத் தின்னுது."

றோய் சோற்றுக் கோப்பையோடு எழும்பினான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கீழே போனான். அந்தக் கிழமையே ஒரு சிநேகிதனின் பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டான். அஜக்ஸில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை கிடைத்ததாக டெனிஸ்டன் சொன்னான். மிஞ்சிய சிவலைகளைக் கிளடிஸ்தான் பார்த்தாள். குறை வைக்காமல் பார்த்தாள். ஆனால் அவற்றின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரியில் நிலாணி முழுப்பட்டிக்கும் சோதனை செய்ய வேண்டுமென்றாள். கன்று வீசினதற்குக் காரணமான ஒரு வைரஸ் பட்டிக்குள் எங்கேயோ குந்தியிருக்கிறதென்று அவளுக்குச் சந்தேகம். ஒவ்வொரு மாடாகக் கழுத்தைப் பிடிக்கும் இரும்புக் கூண்டுக்குள் விட்டு, காதோரத்தில் பட்டாணி அளவு தோலைக் கிள்ளியெடுத்து, குப்பிக்குள் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். சிவலைகளில் ஒன்றாவது பிடிபடும் என்பதில் கிளடிஸுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அப்படிப் பிடிபட்டால் றோயிடம் என்ன சொல்வது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள்.

முடிவு வந்த அன்று நிலாணி போனில் சொல்லவில்லை. நேரே வந்தாள். அடுப்படிக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தாள்.

"அன்ரி, ஒண்டுதான் பொசிட்டிவ். சிவலை இல்லை. உங்கடை அந்தக் கறுத்த நாகு."

"எந்த நாகு?"

"நீங்கள் வளர்க்கவெண்டு வைச்சிருக்கிறது. நல்ல வடிவான கண்டு."

அந்தப் பட்டியிலேயே மினுக்கமான பெண் கன்று அது. அகன்ற இடுப்பு, நேரான முதுகு. ஏப்ரலில் பிறந்த நாளிலேயே, இதை விற்பதில்லை, இது தாய் மாடாக நிற்கும் என்று கிளடிஸ் முடிவுசெய்திருந்தாள்.

"அது ஒரு நாளும் இருமினதே இல்லை, பிள்ளை."

"அதுதான் பிரச்சினை. தாயின்ரை வயித்துக்கை இருக்கேக்கையே வைரஸ் ஏறினபடியா, அது தன்ரை ஒரு பகுதி எண்டுதான் இவளின்ரை உடம்பு நினைக்குது. எதிர்க்காது. ஆனா சாகுமட்டும் மூச்சாலை, எச்சிலாலை, சாணியாலை வெளியிலை விட்டுக்கொண்டே இருக்கும். ஊசியாலையும் இவளை மாத்தேலாது. கிட்ட நிக்கிற மாடுகளையும் ஊசி முழுசாக் காக்காது."

"தாயை நான் ஒரு மாதம் தள்ளி வைச்சனான். இரத்தம் சோதிச்சனாங்கள். நீரும் நிண்டனீர்."

"தாய் கிளீன் அன்ரி. இப்பவும் கிளீன்தான்."

போன குளிர்காலத்தில், ஒரு கிழவர் பண்ணையை மூடி விற்றபோது வாங்கிய கன்றுத்தாச்சி மாடு அது. தாயைத் தள்ளி வைக்கலாம். வயிற்றுக்குள் இருப்பதை எங்கே தள்ளி வைப்பது? கிளடிஸ் எழுந்து கேத்தலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் விடாத கேத்தல். நிலாணி எழுந்து அதை இறக்கி வைத்தாள்.

"ஒக்ரோபரிலை சினை பாத்தது ஞாபகமா? கனக்க மாடு வெறுமையா நிண்டது. நாங்கள் காளைக்கு வயசு போட்டுதெண்டு கதைச்சனாங்கள். ஐ திங்க், அப்பவே இது உள்ளுக்கை வேலை செய்திருக்கு. றோய் அங்கிளின்ரை கண்டுகள் கொண்டு வரேல்லை. இஞ்சை வந்துதான் பிடிச்சுது. ஏலத்திலை அலைஞ்சு களைச்சு வந்ததுகள். தாங்கேல்லை."

உறுதிப்படுத்த இன்னொரு தடவை காதுத் தோல் அனுப்ப வேண்டும், சில கிழமைகள் பொறுக்க வேண்டும் என்றாள். அதுவரை நாகைப் பின்பட்டியில் தனியே விட்டார்கள். தண்ணீர்க் குழாயைச் சுற்றி டெனிஸ்டன் சூடாக்கும் வயர் கட்டினான். நாகு தனியே நின்று நன்றாகத் தின்றது. கிளடிஸ் தண்ணீர் பார்க்கப் போனால் வேலியோரம் ஓடிவரும். உறைந்த மூச்சு அதன் மூக்கைச் சுற்றி வெள்ளை மயிராகத் தொங்கும். அவள் அதற்கென்று வைத்த சப்பாத்தோடு நின்று பார்ப்பாள், தொடமாட்டாள். அது தெரியாமல் செய்தது. அதற்கு நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, கெட்ட எண்ணம் இல்லை. மூச்சு மட்டும் விட்டது.

இரண்டாம் முடிவும் அதையே சொன்னது. அந்தக் கிழமை டெனிஸ்டன் ஒன்ராறியோவின் வடகோடியில் எங்கோ ஒரு ட்ரக் தரிப்பிலிருந்து அழைத்தான்.

"நவரட்ணம் அண்ணை எனக்குப் போன் அடிச்சவர். கோடையிலை பாத்த கறுத்த நாகைக் கேக்கிறார். குடுத்து விடன்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"ஏழெட்டு மாடுதானே வைச்சிருக்கிறார். எல்லாத்துக்கும் ஊசி போட்டவர்தானே. இறைச்சிக்கு அனுப்பிறதை விட..."

"இஞ்சருங்கோ, நான் அவரோட கதைக்கிறன்."

நவரட்ணம் ஓய்வுபெற்ற கணக்காளர். அக்ஸ்பிரிஜ் பக்கம் சிறு நிலத்தில் பொழுதுபோக்காக மாடு வைத்திருந்தார். கிளடிஸ் சுற்றி வளைக்கவில்லை. நாகுக்குத் தீராத நோய், யாருடைய பட்டிக்குள்ளும் அதை விட முடியாது, மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆகவே நேரே இறைச்சிக்குத்தான் போகிறது என்றாள். அவர் நன்றி சொன்னார். போனை வைப்பாரென்று அவள் நினைத்த நேரத்தில் கேட்டார்:

"அப்ப தம்பியின்ரை கண்டுகள்?"

"அதுகளுக்கு இதாலைதான் வந்தது அண்ணை."

"அவனுக்குத் தெரியுமோ, தங்கச்சி?"

"இண்டைக்குச் சொல்லுவன்."

சொன்ன பிறகுதான் அதை இத்தனை நாளும் தள்ளிப் போட்டிருந்தது அவளுக்கே விளங்கியது. இரண்டாம் முடிவு வரட்டும் என்றிருந்தாள். அது வந்தும் மூன்று நாளாகிவிட்டது.

வெயர்ஹவுஸின் பார்க்கிங் லொட்டில் பனியை ஒதுக்கி மலைபோலக் குவித்திருந்தார்கள். மத்தியான இடைவேளையில் றோய் மஞ்சள் பாதுகாப்பு அங்கியோடு வந்து, முன் கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். மெலிந்திருந்தான். யாருக்கோ சுகமில்லையென்று நினைத்து வந்தவன்போல, "டெனி அத்தான் சுகமோ?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். முன்கண்ணாடியைப் பார்த்தபடி, நிலாணி சொன்ன ஒழுங்கிலேயே, ஒன்றும் விடாமல் சொன்னாள். காரின் சூடு கண்ணாடியில் படிந்த பனியைக் கரைத்துக் கோடுகோடாக இறக்கியது.

"அப்ப என்ரை கண்டுகள் உங்கடையாலை செத்தது," என்றான் றோய்.

"ஓம்."

"திறந்து விட்டது நான்தானே."

"ஓம். அதுவும்தான்."

அவன் கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டான். "வருத்தம் வாறது ஒரு பக்கம். நானும் பிழை விட்டனான். ஆனா நீங்கள் அண்டைக்கு அத்தானுக்கு முன்னாலை சொன்னது... அந்தக் கோப்பையைக் கழுவேக்கையே போறதெண்டு முடிவெடுத்திட்டன் அக்கா."

"நான் தெரியாமல் சொன்னனான். பிழைதான்."

 உள்ளே மணி அடித்தது வெளியே வரைக்கும் கேட்டது. இறங்கும்போது கதவைப் பிடித்தபடி நின்றான்.

"மிஞ்சினதுகள் எப்பிடி?"

"தேறீட்டுதுகள். ஒண்டுக்குத்தான் இன்னும் மூச்சு இழுக்குது."

"மூலைக்கு மூலை போய் நிக்கும், அதோ?"

"ஓம், அதுதான்."

தலையாட்டிவிட்டுப் போனான். மஞ்சள் அங்கி பனிக் குவியலுக்குப் பின்னால் மறையும்வரை அவள் காரை எடுக்கவில்லை.

நாகு போன நாள் டெனிஸ்டன் வீட்டில் இல்லை. வந்த ஓட்டுநரும் அவளுமாக ஏற்றினார்கள். அது முரண்டு பிடிக்கும் என்று எதிர்பார்த்தாள். இத்தனை நாளும் தனியே நின்றதாலோ என்னவோ, வண்டிக்குள் வேறு மாட்டின் மணம் பிடித்ததும் அது தானாகவே பலகையில் ஏறிவிட்டது. கிளடிஸ் பின்பட்டியைச் சுரண்டி, கழுவி, மருந்து அடித்தாள். பிறகு குளித்தாள். பிறகு வழமையான வேலைகளைப் பார்த்தாள்.

மார்ச் கடைசியில் மாடுகள் கன்று போடத் தொடங்கின. இந்த வருடம் பிறக்கிற ஒவ்வொன்றுக்கும், பிறந்த சில நாட்களுக்குள் காதுத் தோல் எடுக்க வேண்டும். கோடையில் அந்த நாகோடு மேய்ந்த மாடுகள் இவை. எதன் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பது கன்று வெளியே வந்தால்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை, முதல் கன்றைப் பிடிக்க அவள் வைக்கோல் விரித்த தடுப்புக்குள் இறங்கியபோது, பின்னால் சரளைக் கல்லில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. றோய். முன்னரே சொல்லவில்லை. தங்க வந்தவன்போலவும் இல்லை. பையொன்றும் கொண்டுவரவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் தோய்த்து, தாய் மாட்டுக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றான். பிறகு குனிந்து, கன்றின் தலையைத் தன் தொடையோடு சேர்த்து அணைத்துப் பிடித்தான்.

"வெட்டுங்கோ."

அவள் வெட்டினாள். கன்று ஒரு தடவை உதறியது. தோல் துண்டைக் குப்பிக்குள் போட்டு மூடி, மேலே கன்றின் இலக்கத்தை எழுதினாள்.

"இது சுகமாத்தான் இருக்கும்," என்றான்.

"பாப்பம்."

அவன் பிடியை விட்டான். கன்று தள்ளாடிப் போய்த் தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றது. தாய் தலையைத் திருப்பி, வெட்டுப்பட்ட காதை மணந்தது. பிறகு ஓரத்தில் முளைத்திருந்த ஒரு சொட்டு இரத்தத்தை நக்கியது. இன்னொரு சொட்டு வந்தது. அதையும் நக்கியது.