அறுபதாவது பெட்டி

எண்ணிக்கை குறைந்தால் எனக்குப் பிடிக்காது. பெட்டிக்கு இருபது என்றால் இருபது இருக்க வேண்டும். பத்தொன்பது என்று எழுத எனக்குக் கை வராது. அண்ணனுடைய முலாம் பட்டறையில் பொருளை எண்ணிப் பெட்டியில் அடுக்குவது, பில் போடுவது, ஃபைல் வைப்பது எல்லாம் என் வேலை. நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். "எங்க பாப்பா எண்ணினா எண்ணினதுதான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது, அதை மறைப்பானேன்.

புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஆயிரத்து இருநூறு கதவுக் கைப்பிடிகள் கேட்டார்கள். கருஞ்செம்பு நிறம். அவ்வளவு பெரிய ஆர்டரை நாங்கள் பார்த்ததே இல்லை. அண்ணன் பட்டறையைப் பேங்கில் அடமானம் வைத்து, முலாம் போட இரண்டு புதுத் தொட்டிகள் வாங்கினார்.

எங்கள் தொழிலில் நிறத்தைத் தாளில் எழுத முடியாது. கருஞ்செம்பு என்று எழுதினால் ஆளுக்கு ஒரு நிறம் மனதில் வரும். அதனால் முதலில் ஒரே ஒரு கைப்பிடி செய்து காட்டுவோம். வாங்குகிறவர் சரி என்றதும் ஓர் அட்டையில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அதை அந்தக் கைப்பிடியிலேயே கட்டி ஆணியில் தொங்கவிடுவோம். அதுதான் சாம்பிள். ஸ்டாம்ப் பேப்பரெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஹோட்டலின் கொள்முதல் மேலாளர் வந்து கையெழுத்துப் போட்ட அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அன்று நடந்ததில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

கடைசி நாள். லாரிக்காரன் என்ஜினை நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தான். ஐம்பத்தொன்பது பெட்டி ஏற்றியாகிவிட்டது. அறுபதாவதில் ஒரு கைப்பிடியில் கீறல். திரும்ப முலாம் போட அரை நாள் ஆகும். பத்தொன்பது என்று எழுதி அனுப்பியிருந்தால் உலகம் இடிந்து விழுந்திருக்காது. ஆனால் எனக்குத்தான் எண்ணிக்கை குறையக் கூடாதே. ஆணியில் தொங்கிய சாம்பிளை எடுத்தேன், மற்றவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. கயிற்றை வெட்டி, அட்டையை மேஜை டிராயரில் போட்டு, கைப்பிடியைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஒட்டிவிட்டேன். கீறல் விழுந்ததைச் சரிசெய்து அதில் அட்டையைக் கட்டிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அது இரண்டு நாளில் முலாம் பூசி வந்தது. அதையும் டிராயரில் போட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

ஒரு மாதம் கழித்து ஹோட்டலிலிருந்து கடிதம் வந்தது. நிறம் சாம்பிள் மாதிரி இல்லை, சரக்கு வேண்டாம், பணம் தர முடியாது. முதலாளியின் மனைவி வெள்ளி நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள் என அவர்களுடைய டிரைவரே அண்ணனிடம் சொன்னான். டிரைவர் சொன்னதை வைத்து வழக்கு நடத்த முடியுமா?

நாங்கள் போய்ப் பார்த்த வக்கீலம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான். "கையெழுத்துப் போட்ட சாம்பிள் உங்ககிட்ட இருக்கா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இருக்குல்ல பாப்பா?"

"இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். அண்ணனுடைய அந்தப் பார்வைக்கு முன்னால் 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை, அது ஒன்று. இன்னொன்று, கோர்ட் என்றால் எனக்குத் தெரிந்தது சித்தப்பா வழக்குதான். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சுவருக்காகப் பத்தொன்பது வருஷம் வாய்தா வாங்கினார். கடைசியில் சித்தப்பாவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை, சுவரும் தானாகவே விழுந்துவிட்டது. சாம்பிளை எடு என்று கேட்பதற்குள் ஹோட்டலே பழசாகிவிடும் என்று நான் தெம்பாக இருந்தேன்.

எங்கள் வழக்கு அந்தக் கோர்ட்டுக்குப் போகவில்லை. வியாபாரத் தகராறுக்கென்றே தனியாக ஒரு கோர்ட் இருந்தது. வழக்குப் போடும் முன்பே இரண்டு தரப்பையும் ஓர் அறையில் உட்கார வைத்து சமரசம் பேசினார்கள். வட்ட மேஜை, எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில். பாதிப் பணம் தருகிறோம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார்கள் ஹோட்டல்காரர்கள். பாதி கிடைத்திருந்தால் பேங்க் கடன் அடைந்திருக்கும். பட்டறை நின்றிருக்கும்.

அண்ணன் சிரித்தார். "சாம்பிள் என் கையில இருக்கு. நான் ஏங்க பாதிக்கு இறங்கணும்?"

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வழக்கு மனுவோடு கையில் உள்ள ஆதாரம் எல்லாவற்றையும் முதல் நாளே பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. "இங்க அப்புறம் பாத்துக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது. பட்டியல்ல இருக்கிறது எல்லாம் உண்மைன்னு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடணும். நல்லா பாத்துட்டுப் போடுங்க சார்." ஏழாவது வரியில் இருந்தது: இரு தரப்பும் கையெழுத்திட்ட மாதிரிக் கைப்பிடி, எங்கள் வசம். அண்ணன் பார்க்கவில்லை. பாப்பா பார்த்திருக்கிறாள், அது போதாதா? மடமடவென்று கையெழுத்துப் போட்டார்.

அந்த நீதிமன்ற அறை ஒரு சின்ன ஆபீஸ் மாதிரி இருந்தது. பெஞ்சில் தூங்குகிறவர்கள் இல்லை, வராந்தாவில் டீக்காரன் இல்லை. சுவரில் ஒரு திரை. அதில் எங்கள் வழக்கு எண், எதிரே தேதிகள். எந்த நாளில் பதில், எந்த நாளில் சாட்சி, எந்த நாளில் தீர்ப்பு, எல்லாம் அன்றைக்கே குறித்துவிட்டார்கள். நீதிபதி ஒல்லியான மனிதர். எங்கள் காகிதங்களை எங்களைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"சண்டை நிறத்தைப் பத்தித்தானே? அப்ப முதல்ல சாம்பிளைப் பாத்துடலாம். அடுத்த வாரம் கொண்டு வாங்க. அவங்க ரெண்டு கைப்பிடி கொண்டு வரட்டும். பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

அடுத்த வாரம்!

அன்று மத்தியானம் பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போனபின் டிராயரைத் திறந்தேன். கீறல் சரிசெய்த கைப்பிடி இருந்தது. அட்டையும் இருந்தது. அதே தொட்டி, அதே முலாம், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? பழைய கயிறு மாதிரியே தெரிய வேண்டும் என்று புதுக் கயிற்றைத் தரையில் தேய்த்து அழுக்காக்கினேன். கட்டி முடித்ததும், வெட்கமாக இருக்கிறது சொல்ல, நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நாள் வந்தது. அண்ணன் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எதிர்த்தரப்பில் கொள்முதல் மேலாளரும் அவர்களுடைய வக்கீலும். நீதிபதி மேஜையில் மூன்று கைப்பிடிகளையும் வரிசையாக வைத்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு மூணும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அப்போது அவர்களுடைய வக்கீல் எழுந்து, இதுதான் அந்த சாம்பிள் என்பதற்கு என்ன உறுதி, அட்டையை எதில் வேண்டுமானாலும் கட்டலாமே என்றார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உறுதிதானே? இருக்குங்க ஐயா. அன்னிக்கு அட்டை மட்டும் போதாதுன்னு இந்த மேனேஜர் சாரே பின்பக்கத் தகட்டுல ஆணியால மூணு புள்ளி அடிச்சாரு. என் கண் முன்னால அடிச்சாரு. இதோ பாருங்க."

கைப்பிடியை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

தகடு வழவழவென்று இருந்தது.

அண்ணன் விரலால் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்தார். மறுபடி தடவினார். அப்புறம் மெதுவாகத் திரும்பி, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் பயந்திருந்தார், எனக்காக.

"சாம்பிள் தொலைஞ்சு போச்சுங்க ஐயா" என்றார். "நான்தான் வேற ஒண்ணுல அட்டையக் கட்டினேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்கதான் மாத்தினீங்கன்னா, புள்ளியைக் காட்டறேன்னு நீங்களே ஏன் திருப்பினீங்க?"

அண்ணன் கைப்பிடியை மேஜையில் திரும்ப வைத்தார்.

"பத்து நாள் தர்றேன். சாம்பிள் என்ன ஆச்சு, இதை யார் செஞ்சாங்க, எழுத்துல சத்தியம் பண்ணிக் குடுங்க. அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது." அவர் கண் பின்வரிசைக்கு வந்து போனது. நான் குனிந்துகொண்டேன்.

வராந்தாவில் எல்லாவற்றையும் கொட்டினேன். வக்கீலம்மா கேட்டு முடித்ததும் கையிலிருந்த ஃபைலை மூடினார். 

"அறுபதாவது பெட்டி இப்ப எங்க?"

"அவங்க கோடவுன்லதான். முதல் பெட்டிய மட்டுந்தான் பிரிச்சாங்களாம், மத்ததெல்லாம் பிரிக்காம கெடக்காம்."

"கடவுளே" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, முதல் நாளே இதச் சொல்லியிருந்தா கோர்ட்லேர்ந்து ஆளை அனுப்பி அந்தப் பெட்டியத் திறக்கச் சொல்லியிருப்பேனே. அவங்க ஆளு அடிச்ச புள்ளியோட அவங்க சாம்பிள், அவங்க வேணாம்னு தள்ளின சரக்குக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணாக் கலந்து கெடக்குது. இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்?"

நான் செய்த தப்பே எங்கள் பக்கம் நின்ற ஒரே சாட்சி. அதைப் பொய் சொல்லி நானே புதைத்துவிட்டேன்.

"இப்பக்கூட பத்து நாள் இருக்கு சார். உங்க தங்கச்சி நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுத்தா கேட்டுப் பாக்கலாம். ஆனா போலி ஆதாரம் செஞ்சதா தங்கச்சி மேல கேஸ் வரலாம். ஜெயில்கூட ஆகலாம். அதையும் சொல்லிடறேன்."

"வேணாம்" என்றார் அண்ணன். யோசிக்கக்கூட இல்லை. "பட்டறை போனா போவுது. பாப்பா பேர் எந்தக் காகிதத்துலயும் வரக் கூடாது."

நான் ஒன்பது நாள் அழுதேன். அழுவதற்கு என்ன, காசா பணமா? பட்டறையிலிருந்து கோர்ட்டுக்கு ஒரே பஸ். ஒரு நாள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வந்தேன். பத்தாவது நாளும் போயிற்று. அண்ணன் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்.

திரையில் குறித்த தேதியிலேயே தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி, எதிர்த்தரப்புச் செலவும் எங்கள் தலையில், பொய் உறுதிமொழிக்காக அண்ணன் மேல் தனி நடவடிக்கை. வழக்குப் போட்டு ஏழே மாதம். பேங்க்காரர்கள் புதுத் தொட்டிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஹோட்டல் லாரியில் அறுபது பெட்டிகளும் திரும்பி வந்தன. இறக்கி வைக்க ஆளில்லை. அண்ணனும் நானும்தான் இறக்கினோம். அறுபதாவது பெட்டியைக் கண்டதும் அண்ணன் அதை ஜன்னலோர மேஜைக்குத் தூக்கிப் போய்ப் பிரித்தார். இருபது கைப்பிடிகளையும் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தார். முப்பது வருஷமாக நிறத்தைப் பார்த்த கண். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"எது பாப்பா?"

எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பதினாலாவதில் இருந்தன மூன்று புள்ளிகள்.

அண்ணன் அதை வாங்கி இன்னொன்றின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு திருப்தி வந்தது.

"கச்சிதமா வந்திருக்கு, இல்ல?" என்றார்.

நான் கைப்பிடிகளை எடுத்துத் திரும்பப் பெட்டியில் அடுக்கினேன். பழக்க தோஷம், எண்ணிக்கொண்டே அடுக்கினேன். சரியாக இருபது இருந்தது.